சின்னச் சொல்தான் காலை வாரும்: ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மாற்றும் கருவிகள், ஒரு மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தனிச் சொல் என்றால் வேர்ட்ரெஃபரன்ஸ். முழு வாக்கியம் என்றால் டீப்எல். அறிவிப்புப் பலகை, மருந்துப் பெட்டி, விலைச்சீட்டு என்றால் கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமரா. வினைச்சொல்லின் வடிவத்தில் சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ்டிக்ட். மெக்சிகோவுக்கா அர்ஜென்டினாவுக்கா என்று ஊர் பார்த்து எழுத வேண்டுமென்றால் சாட்ஜிபிடி மாதிரியான உரையாடல் கருவி. எல்லாக் கருவியும் ஆளுக்கொன்று சொன்னால், கடைசி வார்த்தை ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதிக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுப்பதால்தான் முக்கால்வாசித் தவறு வருகிறது.

ஸ்பானியச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. தோராயமான உச்சரிப்பு அவ்வளவுதான். சரியான எழுத்துக்கூட்டலை அந்தந்தக் கருவியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடினமான சொற்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘போட்டோசிந்தசிஸ்’ என்று கொடுத்தால் எந்தக் கருவியும் சரியாகத்தான் தரும், ஏனென்றால் அதற்கு ஒரே அர்த்தம். காலை வாருவது ‘சேவ்’, ‘ஃப்ரீ’, ‘டேட்’, ‘பிளே’ போன்ற குட்டிச் சொற்கள். ‘சேவ்’ கோப்பைச் சேமிப்பதென்றால் குவர்தார், பணத்தைச் சேமிப்பதென்றால் அவொர்ரார், உயிரைக் காப்பதென்றால் ஸல்பார். ‘டேட்’ நாள் என்றால் ஃபேச்சா, சந்திப்பு என்றால் ஸீதா, பேரீச்சம்பழம் என்றால் தாதில். ‘பிளே’ விளையாடினால் ஹுகார், கிதார் வாசித்தால் தொகார், வீடியோவை ஓட்டினால் ரெப்ரொதுஸீர். ‘ஃப்ரீ’ இலவசம் என்றால் க்ராதிஸ், சுதந்திரம் அல்லது காலியிடம் என்றால் லிப்ரே. தனிச்சொல்லைப் பெட்டியில் தட்டி, மேலே வரும் முதல் பதிலைத் தூக்கிக்கொண்டு போவது பகடை உருட்டுவது மாதிரி.

இந்த இடத்தில்தான் வேர்ட்ரெஃபரன்ஸ் ஜெயிக்கிறது. 1999இலிருந்து இருக்கும் தளம். தோற்றத்தைப் பார்த்தாலே வயது தெரியும், விளம்பரமும் கொஞ்சம் அதிகம். ஆனால் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனி வரிசை, பக்கத்தில் அந்த அர்த்தம் எது என்று ஒரு சிறு விளக்கம், அதற்கான ஸ்பானியச் சொல், கீழே எடுத்துக்காட்டு வாக்கியம். பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா, வினை செயப்படுபொருள் கேட்குமா, எந்த நாட்டு வழக்கு என்பதெல்லாம் குறியீடாகப் பக்கத்திலேயே நிற்கும். அந்தக் குறியீடுகளைப் படிக்காமல் தாண்டிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இன்னும் கீழே போனால் கூட்டுச்சொற்கள், அதற்கும் கீழே மன்ற விவாதங்களின் தலைப்புகள். பழமொழி, மரபுத்தொடர் எல்லாம் பெரும்பாலும் அந்த விவாதங்களில்தான் பிடிபடும். முழு வாக்கியத்தை மட்டும் இதனிடம் கேட்காதீர்கள்.

லிங்குவீ இதற்குப் பக்கத்து வீடு. ஒரு தொடரைக் கொடுத்தால் ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட ஆவணங்களிலிருந்து இரண்டு மொழி வாக்கியங்களையும் அக்கம்பக்கமாகக் காட்டும். அவற்றில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள் நிறைய இருப்பதால் அலுவலக வாடை தூக்கலாக இருக்கும். ஒப்பந்தம், விண்ணப்பம், விதிமுறை என்றால் தங்கம். நண்பனுக்கு அனுப்பும் குறுஞ்செய்திக்கு அது ஆகாது.

லிங்குவீயை 2009இல் தொடங்கிய அதே ஜெர்மன் குழுதான் 2017 ஆகஸ்டில் டீப்எல்லை வெளியிட்டது. ஸ்பானியம் அதன் முதல் ஏழு மொழிகளில் ஒன்று. வாக்கிய ஓட்டம் இயல்பாக வருவது இதில்தான். இதன் உண்மையான பலம் வேறிடத்தில்: வந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தொட்டால் மாற்றுச் சொற்கள் விரியும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வாக்கியத்தின் மீதியும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ‘கார்’ என்பதற்கு கோச்சே வந்திருக்கிறது, உங்களுக்கு மெக்சிகோவின் கார்ரோ வேண்டும் என்றால் ஒரு சொடுக்கில் முடிந்தது. குறை என்று பார்த்தால், அழகாக எழுதுவதே இதன் ஆபத்தும். மூல வாக்கியம் குழப்பமாக இருந்தாலும் பதில் வழுவழுவென்று வந்துவிடும், குழப்பம் இருந்த இடமே தெரியாது.

கூகுள் டிரான்ஸ்லேட் 2006இல் வந்தது. 2016 நவம்பரில் நரம்பியல் முறைக்கு, அதாவது வாக்கியத்தை முழுதாக எடுத்து மொழிபெயர்க்கும் முறைக்கு, மாறிய முதல் எட்டு மொழிகளில் ஸ்பானியமும் உண்டு. அதற்கு முந்தைய துண்டு துண்டான மொழிபெயர்ப்பை நினைத்துக்கொண்டு இன்னும் இதைக் கேலி செய்வது நியாயமில்லை. ஆனால் இன்று இதை வைத்திருக்க முதன்மையான காரணம் கேமரா. எழுத்தின் மேல் போனைக் காட்டினால் அதே இடத்தில் மொழிபெயர்ப்பு ஒட்டிக்கொள்ளும் வித்தை 2010இல் வேர்ட் லென்ஸ் என்ற செயலியாக வந்தபோது, அது முதலில் தெரிந்துவைத்திருந்த ஜோடியே ஆங்கிலமும் ஸ்பானியமும்தான். 2014இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. பயணத்துக்கு முன் ஸ்பானிய மொழித் தொகுப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் ஓடும். தரம் ஒரு படி இறங்கும், ஆனால் ‘அவசர வழி எது’ என்று தெரிந்துகொள்ள அது போதும். வளைந்த புட்டி, பளபளக்கும் உறை, கையெழுத்து, இந்த மூன்றிலும் கேமரா சொதப்பும். உயிரோட்டமான காட்சியை விட்டுவிட்டு, ஒரு படம் எடுத்து அதன் மேல் மொழிபெயர்க்கச் சொன்னால் ஓரளவு தேறும்.

எந்தக் கருவியானாலும் ‘யூ’ என்ற ஒரு சொல்லில் அடிபடும். ஆங்கிலத்துக்கு எல்லாரும் ‘யூ’தான். ஸ்பானியத்தில் தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் மரியாதைக்குரிய நீங்கள், பலர் என்றால் உஸ்தெதெஸ். ஸ்பெயினில் மட்டும் நெருக்கமான பலருக்கு போஸோத்ரோஸ். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பல பகுதிகளில் நீ என்பதே போஸ் ஆகிவிடும். ‘உன்னிடம் இருக்கிறது’ என்பது தியேனெஸ் என்பதிலிருந்து தெனேஸ் என்று மாறும். நீ, நீங்கள் என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசுகிற நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கணமே அந்தத் தகவலை நாமே அழித்துவிடுகிறோம். கருவி ஏதோ ஒன்றை ஊகிக்கிறது. மோசம் என்னவென்றால், நீளமான கடிதத்தில் முதல் வரியில் உஸ்தெத், நாலாம் வரியில் தூ என்று தாவும். மேலதிகாரியை ‘வணக்கம் ஐயா, நீ எப்ப வர?’ என்று கேட்பதுபோல.

இதைப் பிடிக்க ஸ்பானியம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. வினைகளின் வாலைப் பாருங்கள்: புவேதெஸ் என்று ‘ஸ்’ஸில் முடிந்தால் தூ, புவேதே என்று முடிந்தால் உஸ்தெத். ‘உன்’ என்பதற்கு து, ‘உங்கள்’ என்பதற்கு ஸு. இரண்டும் ஒரே கடிதத்தில் ஒரே ஆளுக்கு வந்திருந்தால் திருத்த வேண்டும். டீப்எல்லில் மரியாதைத் தொனியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, அது கட்டணச் சந்தாவோடு வருவது. இலவசமாக ஒரு குறுக்கு வழி: ஆங்கில வாக்கியங்களின் தொடக்கத்தில் ‘சார்’ என்று சேர்த்துவிட்டு மொழிபெயர்த்தால் உஸ்தெத் வரும் வாய்ப்பு அதிகம், பிறகு பதிலில் உள்ள ஸெஞோரை அழித்துவிடலாம்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க எல்லாரும் செய்வது, ஸ்பானியத்தைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது. அர்த்தம் தலைகீழாகப் போயிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் தூவும் உஸ்தெத்தும் திரும்பி வரும்போது அதே ‘யூ’தான். களைத்திருப்பவர் ஆண் என்றால் கன்ஸாதோ, பெண் என்றால் கன்ஸாதா. திரும்பி வரும்போது இரண்டும் ஒன்றுதான். நாட்டு வழக்கும் அதில் தெரியாது. ஆக, அதிகம் சறுக்கும் மூன்று இடங்களிலும் இந்தச் சோதனை குருடு.

அதற்குப் பதிலாகத் தமிழை வைத்துச் சோதியுங்கள். ஆங்கிலத்தைவிட ஸ்பானியத்தின் சில எலும்புகள் தமிழோடு நன்றாகப் பொருந்தும். ‘ஐ லைக் இட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்ற முயல்பவர் திணறுவார். ஸ்பானியர் சொல்வது மெ குஸ்தா: எனக்குப் பிடிக்கும். பிடித்தது பன்மையானால் வினையும் பன்மையாகி மெ குஸ்தான். தலை வலித்தால் மெ துவெலெ லா கபேஸா, அப்படியே ‘எனக்குத் தலை வலிக்கிறது’. மறந்துவிட்டால் ஸெ மெ ஒல்விதோ, ‘எனக்கு மறந்து போச்சு’. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று தொடங்கும் வாக்கியத்தைத் தமிழில் நினைத்துப் பாருங்கள். ‘எனக்கு’ என்று தொடங்கினால் ஸ்பானியத்திலும் ‘மெ’ வருமா என்று தேடுவது பெரும்பாலும் வீண் போகாது. பசி மட்டும் வழி மாறும்: தெங்கோ ஆம்ப்ரே, அதாவது பசியை வைத்திருக்கிறேன். வயதும் அப்படித்தான், வருடங்களை வைத்திருப்பார்கள்.

ஸெர், எஸ்தார் என்ற இரட்டையரைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளக்கம் கிடைக்கும். ஆங்கிலத்தின் ‘இஸ்’ஸுக்கு எது என்பது கேள்வி. தமிழ்க் காதுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. வினையே இல்லாமல் முடியும் வாக்கியம் ஸெர் பக்கம்: ‘அவர் மருத்துவர்’, ‘இன்று திங்கள்’, ‘மணி மூன்று’. ‘இருக்கிறது’ என்று முடிவது எஸ்தார் பக்கம்: ‘சாவி மேசையில் இருக்கிறது’, ‘தண்ணீர் சூடாக இருக்கிறது’. ‘கூட்டம் எங்கள் வீட்டில்’ என்று நிகழ்ச்சியின் இடத்தைச் சொல்லும்போது ஸ்பானியர் ஸெர்தான் போடுவார்கள், நாமும் அங்கே ‘இருக்கிறது’ என்பதில்லை. இந்த வழி இடறுவது நிலையான குணங்களில்: ‘அவர் உயரமாக இருக்கிறார்’ என்று நாம் சொன்னாலும் அங்கே ஸெர். தவறினால் அர்த்தமே திரும்பும். எஸ்தொய் அபுர்ரீதோ என்றால் எனக்கு போரடிக்கிறது. ஸொய் அபுர்ரீதோ என்றால் நான் ஒரு போர். அகராதியில் சொல் சொல்லாகப் பொறுக்கிக் கோத்தால் இந்த விபத்து நிச்சயம். முழு வாக்கியமாக டீப்எல்லுக்கோ கூகுளுக்கோ கொடுத்தால் அநேகமாகச் சரியாகவே வரும்.

இன்னொரு ஒற்றுமை. ‘ரவியைப் பார்த்தேன்’ என்போம், ‘படம் பார்த்தேன்’ என்போம். ஆளுக்கு ‘ஐ’ உருபு வேண்டும், பொருளுக்கு இல்லாமலும் நடக்கும். ஸ்பானியமும் ஆளுக்கு முன்னால் ஒரு ‘ஆ’ வைக்கும், பொருளுக்கு வைக்காது. ஆங்கிலத்தில் இப்படி எதுவும் இல்லாததால், ஆங்கிலம் வழியாகக் கற்றவர் கோத்த வாக்கியங்களில் இந்த ‘ஆ’ விடுபட்டே கிடக்கும்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. ‘களைப்பாக இருக்கிறேன்’ என்பதில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று தமிழில் தெரியாது, ஆங்கிலத்திலும் தெரியாது, ஸ்பானியம் கேட்கும். சொல்லாவிட்டால் கருவிகள் வழக்கமாக ஆண்பாலில் போய் நிற்கும். கூகுள் 2018 டிசம்பரில் தனிச்சொற்களுக்கு ஆண், பெண் இரண்டு வடிவங்களையும் காட்டத் தொடங்கியது நல்ல மாற்றம், ஆனால் நீண்ட பத்தியில் அதை நம்பி இருக்க முடியாது. பெண் எழுதும் கடிதமென்றால் தன்னைக் குறிக்கும் பெயரடை எதுவும் ‘ஓ’வில் முடிந்து நிற்கிறதா என்று ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிடுவதே வழி.

போலி நண்பர்கள் என்ற கூட்டம் தனி: ஆங்கிலச் சொல் மாதிரியே தோன்றி வேறு அர்த்தம் தரும் ஸ்பானியச் சொற்கள். இவற்றில் கருவிகளைவிட மனிதர்களே அதிகம் விழுகிறார்கள், ‘ஆங்கிலச் சொல்லின் வாலை மாற்றினால் ஸ்பானியம்’ என்ற துணிச்சலால். எம்பரஸாதா என்றால் சங்கடப்பட்டவள் இல்லை, கர்ப்பிணி. சங்கடம் என்று சொல்ல மெ தா பெர்குவென்ஸா. ‘எனக்கு வெட்கமாக இருக்கிறது’, மறுபடியும் தமிழ்க் கட்டு. ஸ்பெயினில் கொன்ஸ்திபாதோ என்றால் மலச்சிக்கல் இல்லை, சளி பிடித்திருக்கிறது, மலச்சிக்கல் எஸ்த்ரெஞீதோ. மருந்துக் கடையில் இந்த இரண்டை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லிப்ரெரீயா புத்தகக் கடை, நூலகம் பிப்லியோதேகா. எக்ஸிதோ வெற்றி, வெளியேறும் வழி ஸலீதா. கர்பேதா கோப்புறை, கம்பளம் அல்ஃபோம்ப்ரா. அக்துவால்மென்தே ‘தற்போது’, ‘உண்மையில்’ என்பதற்கு என் ரெயாலிதாத்.

எண்ணில் ஒரு பள்ளம் இருக்கிறது, பணம் சம்பந்தப்பட்டது. ஆங்கிலத்தின் பில்லியன் நூறு கோடி. ஸ்பானியத்தின் பியோன் லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு. நூறு கோடியை அவர்கள் மில் மியோனெஸ், ஆயிரம் மில்லியன்கள் என்பார்கள். ஒப்பந்தத்திலோ செய்தியிலோ பெரிய தொகை வந்தால் சைபர்களை எண்ணாமல் அனுப்பாதீர்கள். புள்ளியும் காற்புள்ளியும்கூட நாட்டுக்கு நாடு மாறும்: ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி, மெக்சிகோவில் புள்ளி.

நாட்டு வழக்குக்கு வருவோம். கணினி ஸ்பெயினில் ஒர்தெனதோர், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் கொம்புததோரா. செல்பேசி ஸ்பெயினில் மோபில், லத்தீன் அமெரிக்காவில் ஸெலுலார். பழச்சாறு ஸூமோ, ஹூகோ. பேருந்து என்றால் கேட்கவே வேண்டாம்: அவுதோபூஸ் எங்கும் புரியும், கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் கேனரித் தீவுகளிலும் அது குவாகுவா, மெக்சிகோவில் நகரப் பேருந்து கமியோன். இவை மாறினால் சிரித்துவிட்டுப் போவார்கள். கொஹேர் அப்படியில்லை. ஸ்பெயினில் ‘எடு, பிடி’ என்பதற்கு நாள் முழுக்கப் புழங்கும் சொல். மெக்சிகோ, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். ‘பஸ்ஸைப் பிடி’ என்று எழுதும்போது தொமார் போட்டால் எங்கும் பத்திரம்.

இந்த இடத்தில் அரச அகாதெமி அகராதி உதவும். 1713இல் நிறுவப்பட்ட அமைப்பு. அகராதியின் 23ஆம் பதிப்பு 2014இல் வந்தது, இணையத்தில் இலவசம். ஸ்பானியத்துக்கு ஸ்பானியத்தில் விளக்கம் என்பதால் தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பாறை. ஆனால் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் முன்னால் நாடுகளின் சுருக்கக் குறிகளும், கொச்சை என்றால் அதற்கான குறியும் இருக்கும். அதை மட்டும் பார்க்க மொழி அறிவு பெரிதாக வேண்டாம்.

உரையாடல் கருவிகளின் சாதகம், நாம் சூழலைச் சொல்ல முடியும் என்பது. வெறுமனே ‘இதை ஸ்பானியத்தில் மாற்று’ என்றால் அதுவும் இன்னொரு கூகுள்தான். ‘அர்ஜென்டினா வழக்கு, போஸ் வடிவம், எழுதுபவர் பெண், வாசிப்பவர் நெடுநாள் வாடிக்கையாளர், வாக்கியங்களைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்’ என்று கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கடைசி நிபந்தனை முக்கியம். விட்டுவிட்டால் கடிதத்துக்குத் தானாகப் பவுடர் பூசிவிடும். ஏன் இந்தச் சொல் என்று கேட்டால் விளக்கமும் தரும். விளக்கம் தவறாக இருக்கும்போதும் அதே மிடுக்கோடு தரும், ஆகவே விளக்கத்தை வேர்ட்ரெஃபரன்ஸில் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும்.

மரபுத்தொடர்களில் நிலைமை முன்பைவிட மேல். ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ அவர்களுக்கு ஒரே சூட்டில் இரண்டு பறவைகள். கொட்டும் மழை யுவேபெ ஆ காந்தாரோஸ், குடம் குடமாக. மிகச் சுலபமான வேலை பான் கொமீதோ, தின்று முடித்த ரொட்டி. விலை மிக அதிகமென்றால் முகத்திலிருந்து ஒரு கண். புகழ்பெற்ற தொடர்களுக்குக் கருவிகள் இவற்றைத் தந்துவிடும். அதே தொடரைக் கொஞ்சம் திரித்துக் கிண்டலாக எழுதியிருந்தால்தான் சொல்லுக்குச் சொல் பெயர்த்து மாட்டிக்கொள்ளும்.

செயலி, இணையதளப் பொத்தான்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பானியப் பொத்தானில் கட்டளை வடிவம் வேண்டாம், வினையின் மூல வடிவமே வழக்கம்: குவர்தார், கன்ஸெலார். இடமும் அதிகம் கேட்கும். ‘சேவ்’ ஆங்கிலத்தில் 4 எழுத்து, குவர்தார் 7. ‘லாக் இன்’ 5, அதற்கான இனிஸியார் ஸெஸியோன் 13. ‘ஹோம்’ வீடாகக் கூடாது, அது இனிஸியோ. ‘வெல்கம்’ முகப்பில் என்றால் பியென்பெனீதோஸ், ‘யூ ஆர் வெல்கம்’ என்ற பதிலுக்கு தெ நாதா. பொத்தான் சொற்களை வெறும் பட்டியலாகக் கருவிக்குள் கொட்டினால் இவை அத்தனையும் தவறும். ஒவ்வொரு சொல்லோடும் அது எந்தத் திரையில் வருகிறது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

கடைசியாகத் தட்டச்சு. கிழமை, மாதம், மொழிப் பெயர்களுக்கு ஸ்பானியத்தில் பெரிய எழுத்து கிடையாது. கேள்விக்குறியும் வியப்புக்குறியும் வாக்கியத்தின் முன்னால் தலைகீழாகவும் வரவேண்டும். போனில் அந்தக் குறியை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும், விண்டோஸில் ஆல்ட் விசையோடு 0191, 0161. மேலே அலைக்கோடு போட்ட ‘என்’, நம்முடைய ஞ, ஆல்ட் 0241. சோம்பலில் அலைக்கோட்டை விட்டுவிட்டு வயதை எழுதினால் வருடங்களுக்கான சொல் ஆசனவாய்க்கான சொல்லாக மாறிவிடும். ‘30 வயது’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.